விறைத்துப்போகும் சுவாசப்பை நாடிகள்

‘பிரஷர்’ என்னும் சொல் நம்மவர் வீடுகளுட் புகுந்து நெடுங்காலமாகிவிட்டது. தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் காலி வீதியை அடுத்த எந்த ஒழுங்கையிலாயினும், மாலைவேளையில் இரண்டு பெரியவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலிற் சுகம் விசாரிப்பார்கள். அடுத்தபடியாகப் ‘பிரஷர்’ எவ்வளவு என்று விசாரிப்பார்கள். புயத்திற் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த வைத்தியர், “நூற்றிருபதுக்கு எண்பது” என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக வீடு திரும்புகின்றோம்.

ஆனால் நம் உடம்பிலே குருதியமுக்கம் ஒன்றன்று, இரண்டு உண்டு. புயத்துப் பட்டி அறிவது அவற்றுள் ஒன்றை மட்டுமே. மற்றையது மார்புக் கூட்டினுள்ளே, இருதயத்துக்கும் சுவாசப்பைகளுக்கும் இடையில் மறைவாக இருப்பது. அது ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பட்டிக்குத் தெரியாது. அந்த அமுக்கம் ஏறுவதையே ‘சுவாசப்பை உயர் குருதியமுக்கம்’ என்கின்றனர். உலக மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரை இந்நோய் ஏதோவொரு வடிவிற் பற்றியிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகின்றது. இந்நோயில் நாடிகளின் விறைப்புக்கு உள்ள பங்கு யாது என்பதையே இக்கட்டுரையில் நாம் பார்க்கப் போகின்றோம். இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. பிள்ளை பெற்று வளர்க்கும் ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இதனுள்ளே இருக்கின்றது.

இரு சுற்றுக்கள்

உடலெங்கும் ஓடிக் கறுத்துத் திரும்பும் குருதியை இருதயத்தின் வலப்பக்கம் ஏற்றுச் சுவாசப்பைகளுக்கு அனுப்புகின்றது. அங்கே காபனீரொட்சைட்டைக் கழித்து, ஒட்சிசனைப் பெற்றுச் சிவந்த குருதி, இருதயத்தின் இடப்பக்கத்தை அடைந்து, பெருநாடி வழியே மீண்டும் உடலெங்கும் செல்கின்றது. இதனை இன்று பாடசாலைப் பிள்ளைகளும் ஒப்புவிப்பர். எனினும், குருதி சுவாசப்பை வழியாகவே வலமிருந்து இடம் செல்கின்றது என்பதை முதன்முதலில் எழுதிவைத்தவர் டமஸ்கஸ் நகரத்திற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் நபீஸ் என்னும் அரபு வைத்தியர். அவர் அதனை எழுதியது 1242ஆம் ஆண்டில். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி முழுக் குருதிச் சுற்றோட்டத்தையும் விளக்கி நூல் வெளியிட்டது 1628இலேதான்.

இரு சுற்றுக்களிலும் ஓடும் குருதியின் அளவு ஒன்றே. ஓய்வாக இருக்கும் ஒருவரில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர். அமுக்கத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெருநாடியில் 120க்கு 80 ஆக இருக்கும்போது, சுவாசப்பை நாடியில் 25க்கு 10 மட்டுமே. சராசரி 14 மில்லிமீற்றர் இரசம். அவ்வாறு தாழ்ந்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. சுவாசப்பையின் காற்றறைகளைச் சூழ்ந்துள்ள மயிர்த்துளைக் குழாய்களின் சுவர் மிக மெல்லியது. மெல்லியதாக இருந்தாற்றான் வாயுக்கள் எளிதிற் கடக்கும். அதிக அமுக்கத்தில் அங்கே குருதி பாயுமானால் நீர் கசிந்து காற்றறைகள் நிறைந்துவிடும். ஆகவே இயற்கை அந்தப் பக்கத்தைத் தாழ்ந்த அமுக்கத்துக்கென்றே அமைத்திருக்கின்றது. வலது இதயவறையின் சுவரும் இடதினும் மிக மெல்லியது. அகன்ற வாய்க்காலில் அதிகம் முயலாமல் நீர் தள்ளும் வேலைக்காரனைப்போல் அது தன் பாட்டுக்கு இயங்குகின்றது.

இந்தச் சராசரி 20 மில்லிமீற்றரை மீறினால் அது நோய் என்பது இன்றைய வரையறை. 1973இல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மகாநாட்டில் வகுத்த எல்லையான 25 நெடுங்காலம் வழக்கில் இருந்து, அண்மையிலேயே குறைக்கப்பட்டது.

அம்மகாநாடு கூடுவதற்குக் காரணமாயிருந்த கதையையும் இங்கே சொல்லிவிடலாம். 1965ஆம் ஆண்டு முதல் ‘அமினோரெக்ஸ்’ என்றொரு மாத்திரை, உடல் மெலிவதற்கென்று சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா, மேற்கு ஜேர்மனி ஆகிய நாடுகளில் விற்பனையாயிற்று. பசியை அடக்கும் மருந்து அது. சில ஆண்டுகளுக்குள் அந்நாடுகளில் இந்த அரிய நோய் பன்மடங்கு பெருகியது. 1968இல் மாத்திரை நிறுத்தப்பட்டது. பின்னர் நோயாளர் தொகையும் குறைந்தது. மெலிவிக்கும் மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் வாங்கி விழுங்கும் ஆசை இன்றும் நம்மவரிடையே இருப்பதனாற்றான் இதனைக் குறிப்பிட்டோம்.

பழைய குளமும் நாடியும்

இனி விறைப்பின் கதைக்கு வருவோம். இருதயம் இடையறாது நீர் இறைக்கும் யந்திரம் அன்று. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் வீதம் விட்டுவிட்டே தள்ளுகின்றது. ஆயினும் மயிர்த்துளைக் குழாய்களிலே குருதி ஓரளவு ஒரே சீராக நகர வேண்டும். விட்டுவிட்டு வரும் அடியை ஒழுகும் ஓட்டமாக மாற்றுவது யார்? நாடிச் சுவரின் மீள்தன்மையே. இருதயம் தள்ளும் கணத்தில் நாடி விரிந்து குருதியிற் பெரும்பகுதியைத் தன்னுள் ஏற்கின்றது. இருதயம் ஓய்வெடுக்கும் கணத்தில் நாடி சுருங்கி மீண்டு அதனை முன்னே தள்ளுகின்றது.

அநுராதபுரப் பகுதியிலுள்ள பழைய குளங்களைப் பார்த்தவர்கள், அணைக்கட்டினுள்ளே துருசோடு சேர்ந்து அமைந்திருக்கும் சதுரமான கற்கிணற்றைக் கண்டிருப்பார்கள். ‘பிசோகொட்டுவ’ என்று அதற்குப் பெயர். குளத்து நீர் முழுவேகத்துடன் துருசினுட் பாய்ந்தால் கல்லையும் மண்ணையும் அரித்துவிடும். ஆதலால் முதலில் இந்தக் கிணற்றுக்குள் அதனை விட்டு, வேகத்தை அடக்கி, அளவோடு வெளியே அனுப்பினர் நம் நாட்டு முன்னோர். நீர்ப்பாசனப் பொறியியலாளராக இங்கே பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் அதன் நுட்பத்தை வியந்து எழுதியிருக்கின்றார். நல்ல நாடி குருதிக்கு ஒரு பிசோகொட்டுவ என்று சொன்னால் தவறில்லை. ஜேர்மனியரான ஒட்டோ பிராங்க் 1899இல் இதனைக் கணிதமாக வகுத்தபோது எடுத்துக்கொண்ட உவமை, பழைய தீயணைக்கும் பம்புகளில் இருந்த காற்றறை. நமக்குக் குளமே நன்றாக விளங்குகின்றது.

ஆனால் கற்கிணறு விரிந்து சுருங்குவதில்லை. நாடி விரிந்து சுருங்கும். அதற்கான இரகசியம் சுவரிலுள்ள இருவகை நார்களில் இருக்கின்றது. எலாஸ்டின் என்பது றப்பரைப்போல் இழுபட்டு மீளும். கொலாஜன் என்பது கயிற்றைப்போல் உறுதியானது, இழுபடாது. சிறிய இழுப்புக்கு எலாஸ்டின் இடங்கொடுக்கும். அளவு மீறினாற்றான் கொலாஜன் பிடித்துக்கொள்ளும். நோயுற்ற நாடியில் எலாஸ்டின் சிதைந்து, கொலாஜன் பெருகி, அந்தக் கொலாஜன் நார்களும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. சைக்கிள் ரியூப் இருந்த இடத்தில் ரயர் வந்தாற்போல் ஆகிவிடுகின்றது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றும் உண்டு. உடற் சுற்றோட்டத்திலே மீள்தன்மையின் ஐந்தில் நாலு பங்கு பெருநாடி ஒன்றிலேயே இருக்கின்றது. சுவாசப்பைச் சுற்றோட்டத்திலோ பிரதான நாடியும் அதன் இரு கிளைகளும் ஏந்துவது ஐந்திலொரு பங்கு மட்டுமே, சிலவேளை அதற்கும் குறைவு. எஞ்சியது நூற்றுக்கணக்கான சிறு கிளைகளிலே பரவியிருக்கின்றது. ஆகவே சிறு கிளைகள் நோயுறும்போது குருதி செல்லும் வழி ஒடுங்குவதோடு, மொத்த மீள்தன்மையும் சேர்ந்தே பறிபோகின்றது.

கோழியும் முட்டையும்

விறைத்த நாடி இரு திசையில் தீங்கு செய்கின்றது. பின்னோக்கி வலது இதயவறையைத் தாக்குகின்றது. நாடி விரிந்து இடங்கொடாதபோது அதே 70 மில்லிலீற்றரைத் தள்ள அவ்வறை மேலும் முயல வேண்டும். ஒவ்வொரு துடிப்பும் சுவரில் முட்டிய பந்துபோல் அதன்மேலேயே திரும்புகின்றது. நற்சுகத்திலும் வலப்பக்கத்தின் வேலையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு துடிப்பின் ஏற்ற இறக்கத்துக்காகவே செலவாகின்றது. இடப்பக்கத்திலோ பத்திலொரு பங்கு அளவே. ஆகவே விறைப்பின் சுமை வலது அறைக்கே கூடுதலாக உறைக்கும். அது முதலிலே தடிக்கும், பின்னர் விரியும், இறுதியிற் சோரும்.

முன்னோக்கிய தீங்கு இன்னும் நுட்பமானது. பெரிய நாடி அடக்காமல் விட்ட துடிப்பு, அடக்கப்படாத வெள்ளம்போல், மெல்லிய சிறு நாடிகளிற் போய் மோதுகின்றது. சிறு நாடிகளின் உட்சுவரைப் போர்த்திருக்கும் கலங்கள் ஒழுகும் ஓட்டத்துக்குப் பழகியவை. ஓயாத மோதலால் அவை புண்பட்டுச் சுவர்த் தசையை வளரத் தூண்டுகின்றன. தசை வளர வழி ஒடுங்குகின்றது. வழி ஒடுங்க அமுக்கம் ஏறுகின்றது. அமுக்கம் ஏறப் பெரிய நாடி எல்லைமட்டும் இழுபட்டுக் கயிற்று நார்களின் பிடியில் நிற்கின்றது. அதனால் மேலும் விறைக்கின்றது. மாவரைக்கும் கல்லைப்போல் இது சுற்றிச் சுற்றி வரும்.

அமுக்கம் ஏறியதனால் விறைப்பு வந்ததா, விறைப்பு வந்ததனால் அமுக்கம் ஏறியதா? கோழி முந்தியதா முட்டை முந்தியதா என்பது போன்ற கேள்வி. நெடுங்காலமாக விறைப்பை விளைவு என்றே வைத்தியர்கள் கருதினர். இன்று அது காரணமும் ஆகும் என்ற கருத்து வலுத்திருக்கின்றது. மென்மையான படுக்கையில் வளர்க்கும் நாடிக் கலங்கள் அடங்கியிருக்கின்றன; அதே கலங்களை விறைத்த படுக்கையில் வளர்த்தால் அவை பெருகவும் கொலாஜனைச் சுரக்கவும் தொடங்குகின்றன. தாம் இருக்கும் இடத்தின் கடினத்தைக் கலங்கள் ‘உணர்கின்றன’ என்பது நமக்கு வியப்பாகவே இருக்கின்றது. பரிசோதனை விலங்குகளில் அமுக்கம் நன்றாக ஏறுமுன்பே நாடி விறைக்கத் தொடங்குவதும் காணப்பட்டிருக்கின்றது.

அந்தப் பரிசோதனைகளுக்கு வழிகாட்டியது நம் பக்கத்துச் செடி ஒன்று என்றால் வாசகர்கள் நம்புவார்களா? கிலுகிலுப்பை என்னும் செடியை அறியாதவர் இரார். காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதைகள் கிலுகிலுவென ஒலிக்கும். குழந்தைகள் அதைக்கொண்டு விளையாடுவர். தாவரவியலார் இவ்வினத்துக்கு இட்ட ‘குரோட்டலேரியா’ என்ற பெயரும் ஒலியெழுப்பும் கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிறந்தது. நம் முன்னோரும் மேனாட்டாரும் ஒரே ஓசையைக் கேட்டுப் பெயரிட்டிருக்கின்றனர். இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரிய கிலுகிலுப்பை இனம் ஒன்றை, நிலத்துக்குப் பசளையாகுமென அமெரிக்கர் தம் தென் மாநிலங்களிற் பயிரிட்டனர். அதை மேய்ந்த கால்நடைகளும் விதையைக் கொத்திய கோழிகளும் மாண்டன. காரணமான நச்சுப் பொருளை 1935இல் புளோரிடாவில் பிரித்தெடுத்தனர். ‘மொனோகுரோட்டலின்’ என்பது அதன் பெயர். 1960களில், அவ்விதையை உண்ட எலிகளின் சுவாசப்பை நாடிகள் தடித்து, அமுக்கம் ஏறி, வலது இதயவறை பருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். வயிற்றினுட் சென்ற நஞ்சை ஈரல் கொடியதாக மாற்ற, அது குருதியோடு சென்று அடுத்து எதிர்ப்படும் சுவாசப்பைக் குழாய்களைப் புண்படுத்துகின்றது. சில வாரங்களில் நோய் முற்றும். இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இந்நோயை எலியில் உண்டாக்க இதுவே பெரிதும் பயன்படுகின்றது.

மனிதரிலே கிலுகிலுப்பை நஞ்சு பெரும்பாலும் ஈரலையே தாக்கியிருக்கின்றது. மத்திய இந்தியாவின் சர்குஜாப் பகுதியில் 1970களின் நடுவிலே தினையோடு கலந்த கிலுகிலுப்பை விதையால் பலர் ஈரல் நோயுற்று மாண்டனர். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் ஆர்சகுலரத்னவும் அவர் குழுவினரும் இலங்கை மூலிகைகள் ஐம்பதை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்றில் இவ்வகை நஞ்சுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று கிலுகிலுப்பை இனம். எலியில் நடந்தது மனிதரில் அப்படியே நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெயர் தெரியாத இலைகளை அவித்துப் பல நாள் குடிப்பவர்கள் சற்று யோசிக்கலாம்.

குன்னூரிற் பிறந்த வைத்தியர்

செடியைப்போலவே இக்கதையின் பெரிய வைத்தியர் ஒருவரும் நம் பக்கத்திற் பிறந்தவர். நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் 1907இற் பிறந்து, அவுஸ்திரேலியாவில் மருத்துவம் பயின்று, இலண்டனிற் புகழ் பெற்ற போல் வுட் என்பவரே அவர். சுவாசப்பைக் குருதிக் குழாய்களின் தடையை அளக்கும் அலகுக்கு இன்றும் ‘வுட் அலகு’ என்றே பெயர். கணக்கு எளியது. சுவாசப்பை நாடியின் சராசரி அமுக்கத்திலிருந்து இடது சோணையின் அமுக்கத்தைக் கழித்து, நிமிடத்துக்கு ஓடும் லீற்றரால் வகுக்க வேண்டும். சுகதேகியில் 14இலிருந்து 8ஐக் கழித்து 5ஆல் வகுத்தால் 1.2 வரும். நோயாளி ஒருவரில் 50இலிருந்து 10ஐக் கழித்து 4ஆல் வகுத்தால் 10 வரும்.

இக்கணக்கிலே துடிப்பு இல்லை என்பதை மாணவர்கள் உடனே காண்பார்கள். சீராக ஓடும் நீருக்கு உரிய தடையையே அது சொல்கின்றது. விறைப்பை அறிய இன்னொரு வகுத்தல் வேண்டும்: ஒரு துடிப்பிற் செல்லும் குருதியை, மேலமுக்கத்துக்கும் கீழமுக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுப்பது. சுகதேகியில் 70ஐ 15ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.7, அதாவது ஒரு மில்லிமீற்றர் அமுக்கம் ஏறும்போது நாடிகள் நாலரை மில்லிலீற்றருக்கு மேல் இடங்கொடுக்கின்றன. 80க்கு 30 அமுக்கமுள்ள நோயாளியில் ஒரு துடிப்புக்கு 50 மில்லிலீற்றரே சென்றால், 50ஐ 50ஆல் வகுக்க 1 வரும். இவ்விரு எண்களும் சேர்ந்தே மாறுகின்றன. ஆனால் நோயின் தொடக்கத்திலே தடை சிறிது ஏறுமுன் மீள்தன்மை பெருமளவு வீழ்ந்துவிடுகின்றது. தடையை மட்டும் பார்ப்பவருக்கு நோய் இன்னும் வராததுபோல் தோன்றும் காலத்தில், விறைப்போ பாதி வழி கடந்திருக்கும்.

போல் வுட் 1958இல் ஆற்றிய விரிவுரைகள் ‘ஐசன்மெங்கர்’ என்னும் நிலையைப் பற்றியவை. ஒஸ்திரிய வைத்தியர் விக்டர் ஐசன்மெங்கர் 1897இல் எழுதிய நோயாளியின் பெயரால் அல்ல, எழுதியவர் பெயராலேயே அது வழங்குகின்றது. குழந்தைப் பருவம் முதல் உடல் நீலம் பாரித்து, 32 வயதில் இறந்த ஒருவரின் இருதயத்திலே, இரு அறைகளுக்கும் நடுச்சுவரிற் பெருந்துவாரம் இருந்ததை அவர் கண்டார். நம் நாட்டுப் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி என்று தொடக்கத்தில் நாம் சொன்னது இங்கேதான் இருக்கின்றது.

ஆயிரம் பிறப்புக்களில் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளின் இருதயம் ஏதோவொரு குறையுடன் அமைகின்றது; அவற்றுள் நடுச்சுவர்த் துவாரம் மிகப் பொதுவானது. சிறு துவாரங்கள் பல தாமாகவே மூடிவிடும். பெருந்துவாரமாயின், அமுக்கம் மிகுந்த இடப்பக்கத்துக் குருதி ஒவ்வொரு துடிப்பிலும் வலப்பக்கம் பாய்ந்து, சுவாசப்பை நாடிகளைப் பேரளவிலும் பெருவேகத்திலும் தாக்குகின்றது. பிறந்த புதிதில் இது வெளிப்படுவதில்லை. கருவிலே மூடிக்கிடந்த சுவாசப்பைக் குழாய்கள் முழுதும் தளரச் சில வாரங்கள் செல்லும். அவை தளர்ந்த பின்னரே குருதி வெள்ளம் தொடங்கும். ஒன்றிரண்டு மாதங்களில் குழந்தைக்கு மூச்சு வாங்கும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும். குடித்து முடிக்குமுன் களைத்துவிடும். அடிக்கடி சளிச்சுரம் வரும். குடும்ப சுகாதார மாது நிறுத்துக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் நிறைக்கோடு ஏறாமற் படுத்துவிடும்.

இதற்குப் பின் நடப்பதுதான் கொடிய ஏமாற்று. மாதங்கள் செல்லச் செல்ல வெள்ளத்தின் அடி தாங்காமல் சுவாசப்பை நாடிகள் தடித்து விறைக்கின்றன. விறைத்த நாடிகளுக்குள் குருதி முன்போற் பாய முடியாது. துவாரத்தின் வழியே செல்லும் வெள்ளம் குறைகின்றது. குழந்தையின் மூச்சு வாங்கல் தணிகின்றது, வியர்வை நிற்கின்றது, நிறைகூட ஏறுகின்றது. ‘பிள்ளை தேறிவிட்டான், கண்ணூறு கழிந்தது’ என்று வீட்டார் மகிழ்வர். மாதாந்தக் கிளினிக்குக்குப் போவதும் நின்றுவிடும். உள்ளேயோ நாடிகள் கதவடைத்துக்கொண்டிருக்கின்றன. சில ஆண்டுகளில் வலப்பக்க அமுக்கம் இடப்பக்கத்தை எட்டி மீறும். குருதி எதிர்த்திசையிற் கடந்து, ஒட்சிசனில்லாத கறுத்த குருதி உடலெங்கும் பரவும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அந்நிலையிலே துவாரத்தை மூடவும் இயலாது. துவாரமே வலது இதயவறைக்கு மூச்சுவிடும் வழியாகி நிற்பதால், மூடினால் அது அழிந்துபோகும்.

போல் வுட் விரிவுரையாற்றிய அதே 1958இல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் டொனால்ட் ஹீத், ஜெஸ்ஸி எட்வர்ட்ஸ் ஆகிய இருவர் இந்நாடிகளின் மாற்றத்தை ஆறு படிகளாக வகுத்தனர். முதல் மூன்று படிகளில் துவாரத்தை மூடினால் நாடிகள் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீளும். பிந்திய படிகளில் மீளா. ஆகவே பெருந்துவாரம் முதலாண்டுக்குள் மூடப்பட வேண்டும் என்பது இன்று பொது விதி. இரு சோணைகளுக்கும் இடைப்பட்ட துவாரமாயின் அவகாசம் அதிகம். விறைப்பு வயதுவந்த பின்னரே வரும், சிலருக்கு வராமலும் போகும்.

ஐசன்மெங்கர் நிலையை அடைந்த பெண்கள் பலர் வளர்ந்து மணம் முடிக்கும் வயதை எட்டுகின்றனர். கர்ப்பம் அவர்களுக்குப் பேராபத்து. பழைய கணக்குகளின்படி இத்தகைய தாய்மாரில் மூன்றிலொரு பங்கினரும் அதற்கு மேலும் பிரசவத்தை ஒட்டி இறந்தனர். இலங்கையில் தாய்மார் மரணத்துக்கு முன்னிற்கும் காரணங்களுள் இருதய நோயும் ஒன்று. சிறுவயதில் ‘இருதயத்தில் ஓட்டை’ என்று வைத்தியர் சொன்ன செய்தியை, வரன் தவறிவிடும் என்று அஞ்சி மறைக்கும் வழக்கம் நம் சமூகத்தில் இல்லாமலில்லை. மறைப்பது பெண்ணின் உயிரோடு விளையாடுவதாகும் என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகின்றோம்.

துவாரம் மட்டுமே காரணம் என்று எண்ணலாகாது. வாதக் காய்ச்சலால் மைத்திரல் வால்வு ஒடுங்கியோர், நீண்டகாலப் புகைபிடிப்பாலோ விறகடுப்புப் புகையாலோ சுவாசப்பை கெட்டோர், காலிலிருந்து குருதிக்கட்டி வந்து சுவாசப்பையில் அடைத்தோர், தோல் இறுகும் நோயுடையோர் ஆகியோரிலும் இவ்வமுக்கம் ஏறும். உண்மையில், இடது இருதயத்தின் நோயும் சுவாசப்பை நோயுமே தொகையிற் பெரும் பங்கு. காரணம் ஏதும் காணப்படாமல் இளம் பெண்களில் வருவதும் உண்டு. சில குடும்பங்களில் அது மரபணுவின் பிழை என்று 2000ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது.

அறிகுறிகளோ மிகச் சாதாரணமானவை. புகையிரத நிலையத்துப் படிகளில் முன்பு ஓடி ஏறியவர் இப்போது இடையில் நிற்கின்றார். களைப்பு, மயக்கம், மார்பில் ஓர் இறுக்கம், பிற்காலத்திற் கால் வீக்கம். ‘இரத்தம் குறைவு’, ‘தொய்வு’, ‘வயதாகிறதல்லவா’ என்று மாதங்கள் மட்டுமல்ல, ஆண்டுகளும் கழிந்துவிடுகின்றன. தெஹிவளைவாசிகளுக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்திற் களுபோவிலையில் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை இருக்கின்றது. நோவின்றிச் செய்யும் ‘எக்கோ’ப் பரிசோதனை வலப்பக்க அமுக்கத்தை ஏறத்தாழ மதிப்பிட்டுச் சொல்லிவிடும்.

உறுதிப்படுத்துவதற்கு மெல்லிய குழாயை நாளத்தின் வழியே இருதயத்தினுள் செலுத்தி அளக்க வேண்டும். 1929இல் ஜேர்மனியில் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர் வைத்தியசாலையில், வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் அக்குழாயைத் தம் கையின் நாளத்திலேயே செலுத்தி, அது இருதயத்தை அடைந்ததை எக்ஸ்ரே படத்திற் காட்டினார். அந்நாளில் அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, வசையே. 1956இல் கூர்னான், ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரோடு நோபல் பரிசு வந்தது. இப்பொழுது, ஒவ்வொரு துடிப்புக்கும் சுவாசப்பை நாடியின் குறுக்களவு எவ்வளவு விரிகின்றது என்பதைக் காந்தப் படத்தாலேயே பார்த்துவிடலாம். விரிவு குறைந்தோரின் ஆயுளும் குறைவு என்பது அத்தகைய ஆய்வுகளிற் கண்ட முடிவு.

சிகிச்சையைப் பொறுத்தவரை, அந்நாளில் போல் வுட் அசெற்றைல்கோலின் என்னும் மருந்தை நாடியினுட் செலுத்திப் பார்த்தார்: அமுக்கம் இறங்கினால் நாடி சுருங்கியிருக்கின்றது, இறங்காவிடின் விறைத்துவிட்டது. அந்தப் பாகுபாடு இன்றும் பயன்படுகின்றது. 1995இல் எப்போபுரொஸ்டெனோல், 2001இல் பொசென்ரன், 2005இல் சில்டெனாபில் என மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. இவையெல்லாம் பெரும்பாலும் சுருங்கிய தசையைத் தளர்த்துவன. 2024 மார்ச்சில் அங்கு அனுமதிக்கப்பட்ட சோட்டாட்டர்செப்ற் என்னும் ஊசிமருந்து, சுவரின் மிகை வளர்ச்சியையே தடுக்க முயல்வது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலின் கீழ் ஏற்றப்படுகின்றது. அதன் விலை நம் நாட்டுச் சாதாரணக் குடும்பம் எட்ட முடியாதது.

குழந்தையின் துவாரத்தை மூடும் சத்திரசிகிச்சையோ பொரளையிலுள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இலவசமாகவே செய்யப்படுகின்றது. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் குழந்தைகள் அங்கே வருவதால் முறை வரக் காத்திருக்க நேரிடும். காத்திருக்கும் மாதங்களில் குழந்தை தேறியதுபோற் காணப்பட்டாலும் குறித்த நாளில் தவறாமற் கிளினிக்குக்குக் கொண்டுசென்று, ‘துவாரம் எவ்வளவு’ என்று மட்டும் கேளாமல், ‘சுவாசப்பை அமுக்கம் எவ்வளவு, சென்ற முறையிலும் கூடியிருக்கின்றதா’ என்றும் வைத்தியரைக் கேட்டுக் குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டிற் குறித்துக்கொள்வது பெற்றோர் செய்யக்கூடிய காரியம்.